மக்காச்சோளத்துக்குள் ஒரு பாதை | லீத் ஹில் கோடை நடை

வணக்கம் மக்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வீடியோவில் மலைக்காட்சி கொஞ்சம் கம்மி, மக்காச்சோளம் கொஞ்சம் அதிகம். சனிக்கிழமை நடந்துவிட்டு வந்ததிலிருந்து அந்த ஒரு வயல்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பேசித் தீர்க்காமல் எடிட்டிங்கில் உட்கார முடியவில்லை.

வழக்கமான கூட்டம்தான். லண்டனிலிருந்து ரயில் பிடித்து ஹோம்வுட் ஸ்டேஷனில் இறங்கினோம். சர்ரே பக்கம், சின்ன ஸ்டேஷன், ஞாயிற்றுக்கிழமை அங்கே ரயில் நிற்காது, அதனால்தான் சனிக்கிழமை. அங்கிருந்து கோல்டுஹார்பர் கிராமம், லீத் ஹில் உச்சி, அப்புறம் ஃபிரைடே ஸ்ட்ரீட் என்கிற குக்கிராமம் வழியாக இறங்கி டார்க்கிங். பதினெட்டு கிலோமீட்டர் பக்கம் வரும். ஜூலை கடைசி, நல்ல வெயில், ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம். என் புளிசாத டப்பாவும் கூடவே வந்தது, கமெண்டில் கேட்க வேண்டாம்.

எங்கள் லீடர் அம்மாவைப் பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். எழுபதைத் தாண்டியவர். கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் 146ஆம் எண் எக்ஸ்புளோரர் வரைபடம் (இங்கே நடக்கிறவர்கள் வைத்துக்கொள்கிற விரிவான காகித வரைபடம்), கையில் காம்பஸ். முன்னால் அவர், கடைசி ஆளுக்குப் பின்னால் இன்னொருவர், நடுவில் நாங்கள் இருபது பேர். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூச்சு வாங்குகிறவரை யாரும் விட்டுவிட்டுப் போக முடியாது.

சரி, வயலுக்கு வருகிறேன். மேடு ஏறுவதற்கு முன்னால் ஒரு பண்ணை நிலத்தைக் கடக்க வேண்டும். எந்தப் பண்ணை என்று சொல்லப்போவதில்லை. வேலியில் மரப்படி இருக்கிறது, கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருக்கிறது. படியில் ஏறிப் பார்த்தால் எதிரே தோளுயரத்துக்கு மக்காச்சோளம்! பாதையைக் காணோம். வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடு அந்த வயலுக்குக் குறுக்கே போகிறது. தரையில் அதன் மேலேயே விதைத்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். இங்கிலாந்தில் இது தயவு இல்லை, உரிமை. நிலம் விவசாயியுடையது, பாதை எல்லோருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். வயலுக்கு நடுவே போகிற பாதையை விவசாயி உழலாம், ஆனால் விதைப்புக்காக முதல் தடவை உழுத 14 நாளுக்குள் திரும்பச் சரிசெய்து தர வேண்டும். குறைந்தது ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும், அதில் பயிர் நிற்கக் கூடாது. 1990இல் வந்த சட்டம் இது. அதற்குப் பக்கத்து வயலிலேயே கோதுமை போட்டிருந்தார்கள். நடுவில் சுத்தமாக, நூல் பிடித்த மாதிரி பாதை விட்டிருந்தார்கள். ஒருவரால் முடிகிறது, அடுத்தவரால் முடியாதா? எனக்குக் கோபம் அங்கேதான் வந்தது.

புதிதாக வந்த தம்பி ஒருவர் போனைப் பார்த்துவிட்டு, வரப்பு ஓரமாகவே சுற்றிப் போய்விடலாமே என்றார். சட்டப்படி அதுவும் தப்பில்லை, பாதையை அடைத்திருந்தால் நியாயமான சுற்றுவழியில் போகலாம். ஆனால் எல்லோரும் ஓரமாகவே போனால் அடுத்த வருஷமும் இதே கதைதான், அப்புறம் அங்கே பாதை இருந்தது யாருக்கும் நினைவிருக்காது என்றார் லீடர் அம்மா. வேண்டுமென்றே பயிரை மிதிக்கக் கூடாது, கடந்து போகிற அளவுக்கு மட்டும் விலக்கிக்கொண்டு வரிசையாக வாருங்கள் என்று காம்பஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்.

மக்களே, மக்காச்சோளத்துக்குள் நடப்பதை யாரும் லேசாக நினைக்காதீர்கள். பாத்தி ஒரு பக்கம் போகிறது, பாதை அதற்குக் கோணலாகப் போகிறது. அதனால் ஒவ்வொரு வரிசையையும் கையால் பிளந்துதான் போக வேண்டும். இலையின் ஓரம் முன்கையில் கோடு போடுகிறது. காற்றே இல்லை. முன்னால் போகிறவரின் பையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. யாரும் பேசவில்லை, சரசரவென்று இலைச் சத்தம் மட்டும். லீடர் அம்மா பத்து அடிக்கு ஒருதரம் நின்று காம்பஸ் முள்ளைப் பார்க்கிறார், நடக்கிறார்.

வெளியே வந்தோம். வேலியில் மரப்படி எங்கே இருந்தது தெரியுமா? நேர் எதிரே! கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில்! கேமராவில் இருக்கிறது, மெதுவாக ஓட்டிக் காட்டுகிறேன், இரண்டு தடவை காட்டுவேன். அதைவிட முக்கியம், திரும்பிப் பார்த்தால் நாங்கள் இருபது பேர் வந்த தடம் தெளிவாக விழுந்திருக்கிறது. அடுத்து வருகிறவருக்கு வழி இருக்கிறது. தனியாக வந்திருந்தால் இது நடந்திருக்காது. அதனால்தான் கூட்டமாக நடங்கள் என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறேன். அங்கேயே நின்று புகைப்படம் எடுத்து, வரைபடத்தின் கட்ட எண்ணோடு, பாதைகளைப் பார்த்துக்கொள்கிற உள்ளூர் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பிவிட்டோம்.

இந்த உரிமையும் சும்மா வந்ததில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளிகள் பொதுமக்களை உள்ளே விடாத கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பாதைகளை ஊர் ஊராகப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1949இல்தான் வந்தது.

ஐயோ, மலையைப் பற்றிச் சொல்லவே இல்லையே. லீத் ஹில் 294 மீட்டர், அடிக்கணக்கில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரிச்சர்ட் ஹல் என்கிற பணக்காரர் 1766இல் உச்சியில் கோபுரம் கட்டி அந்தக் குறையைத் தீர்த்தார். தன் சந்தோஷத்துக்கு மட்டுமில்லை, அக்கம்பக்கத்தாருக்கும் எல்லா மனிதர்களுக்கும் என்று கல்லில் லத்தீனில் பொறித்து வைத்திருக்கிறார். மக்காச்சோளத்தைக் கடந்து வந்த கையோடு அதைப் பார்த்ததும் அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. அவரைப் புதைத்ததும் அதன் கீழேதான். பிற்பாடு கோபுரம் பாழடைந்து, உள்ளே கல்லும் காரையும் கொட்டி அடைத்துவிட்டார்கள். 1864இல் திரும்பத் திறக்க நினைத்தபோது அதைக் குடைய முடியவில்லை, அதனால் பக்கத்தில் ஒட்டினாற்போல் தனிப் படிக்கட்டுக் கோபுரம் கட்டினார்கள். மேலே நின்றால் வடக்கே லண்டன் கட்டடங்கள். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே கடல்கூடத் தெரியும், அன்றைக்குப் புகைமூட்டம்.

இன்னொன்றும் விட்டுப்போச்சு. கோபுரத்துக்குப் போகிற வழியில் பைன் மரங்களுக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு பில்பெரிப் புதர். கடையில் விற்கிற ப்ளூபெரி இதன் பக்கத்தில் நிற்க முடியாது. சின்னதாக இருக்கும், உள்ளே சதை முழுக்க ஊதா. தின்ற எல்லோருக்கும் நாக்கும் விரலும் ஊதா. செந்தட்டி மாதிரி அரிக்கிற நெட்டில் செடியும் வழியெல்லாம் இருக்கிறது, அதனால் கோடையிலும் முழுக்கால் பேண்ட்தான். ஃபிரைடே ஸ்ட்ரீட் குளத்தை மட்டும் அவசரமாகக் கடந்தோம், டார்க்கிங்கில் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வர ஆசைப்படுகிறவர்களுக்கு: ராம்ப்ளர்ஸ் என்கிற நடைபயணிகள் அமைப்பில் உறுப்பினர் ஆவதற்கு முன்னால் சில நடைகளுக்கு இலவசமாகவே வந்து பார்க்கலாம். அடுத்தது பாக்ஸ் ஹில். மோல் ஆற்றைக் கல்மேல் கால் வைத்துக் கடக்கிற இடம், இப்போதிருக்கிற கற்களை 1946இல் பிரதமர் ஆட்லி வந்து திறந்து வைத்தார். தண்ணீர் ஏறியிருந்தால் பக்கத்திலேயே நடைபாலம் இருக்கிறது. பிடிப்புள்ள ஷூ போட்டு வாருங்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கவுன்சில் என்ன பதில் சொன்னது என்று வந்ததும் போடுகிறேன்.