ஈக்காலத்தில் குதிரையின் தோல் கட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்தில் ஒருவருக்குக் கையில் மரு வந்தால், குதிரை வால் முடியைக் கேட்டு வாங்கி இறுக்கிக் கட்டுவார்கள். குதிரைக்கே மரு மாதிரி ஒன்று வந்தாலும் அதே வைத்தியம்தான்! கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளிலும், கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரைகளிலும், முடி கட்டிய கட்டி, சுண்ணாம்பு தடவிய கட்டி, சூடு போட்ட கட்டி எல்லாம் பார்த்திருக்கிறேன். கால்நடை மருத்துவனாக நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கட்டியைச் சீண்டாதீர்கள், ஈயை விரட்டுங்கள்.

பண்ருட்டிப் பலா வரத்து தொடங்கினால் ஈயும் தொடங்கிவிடும். முதுநகரில் கருவாடு காயும் இடத்துக்குப் பக்கத்தில் குதிரை கட்டுகிறவர்களுக்கோ வருஷம் முழுக்க ஈக்காலம்தான்.

சரி, அது என்ன கட்டி? குதிரைக்கு மிக அதிகமாக வரும் தோல் கட்டியின் பெயர் சார்காய்டு. மாட்டுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸுக்கு இதிலும் பங்கு உண்டு. அதை ஈ சுமந்து வருகிறது என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது. நாமோ மாட்டையும் குதிரையையும் ஒரே கொட்டகையில் கட்டுகிறோம். மாட்டின் மரு பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். சார்காய்டு அவ்வளவு சுலபத்தில் போகாது. ஈரல், நுரையீரல் என்று உள்ளே பரவாது என்பது ஒரு ஆறுதல். ஆனால் அரைகுறையாக அறுத்தாலோ சுட்டாலோ, முன்னைவிடப் பெரிதாகச் சதை பிதுங்கிக்கொண்டு வரும்.

சவாரிக் குதிரையில் முன்னங்கால் இடுக்கிலும், சேணத்தின் வயிற்றுப்பட்டை உரசும் இடத்திலும் இது அடிக்கடி வரும். காலையில் பட்டை கட்டும்போது நெல்லிக்காய் அளவில் சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். மாலையில் அவிழ்க்கும்போது பட்டையின் உள்பக்கம் ரத்தமும் நிணநீரும் ஒட்டியிருக்கும். அவிழ்த்த கையோடு ஈ வந்து உட்காரும். குதிரை காலை உதறும், திரும்பிக் கடிக்கப் பார்க்கும், அப்புறம் தூணில் போய்த் தேய்க்கும். கட்டி இன்னும் கிழியும், ஈ இன்னும் கூடும். அந்தக் குதிரைக்குப் பட்டை போடாதீர்கள். சீசன் வருமானம் போகிறதே என்பீர்கள், புரிகிறது. ஆனால் புண் பெரிதானால் அந்தக் குதிரை எத்தனை மாதம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கொதித்து ஆறிய தண்ணீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்டு, புண்ணைத் தேய்க்காமல் ஊற்றிக் கழுவுங்கள். சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். புண்ணின் நீர் வழிந்து இறங்கும், புண்ணுக்குக் கீழே உள்ள தோலில் வாசலின் தடவினால் தோல் வெந்துபோகாது. அந்தத் துணியும் சேணமும் அடுத்த குதிரைக்குப் போகக்கூடாது.

கல்யாணத்துக்கு எல்லோரும் கேட்பது வெள்ளைக் குதிரை. அதன் மூக்கு நுனியைப் பாருங்கள். தோல் கறுப்பாக இருந்தால், வேறு நிறத்தில் பிறந்து வயது ஏற ஏற வெளுத்த குதிரை அது. இந்த வகையில் 15 வயது தாண்டியவற்றில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு மெலனோமா என்னும் கருங்கட்டி வந்துவிடுகிறது, பெரும்பாலும் வாலடியில். பல வருஷம் சும்மா கிடக்கும் கட்டியும் உண்டு, உள்ளே பரவுவதும் உண்டு. தோல் இளஞ்சிவப்பாக இருந்தால், பிறவியிலேயே வெள்ளையான நுக்ரா குதிரை. அதற்கு வெயிலால் கண்ணோரத்தில் புற்றுப்புண் வரலாம். ஈ மொய்க்கிறது, வெறும் கண்ணீர்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று கட்டியே இல்லை, கட்டி மாதிரி ஏமாற்றும். ஈ சுமந்து வரும் புழுவின் குஞ்சுகள் புண்ணுக்குள் இறங்கி, ஆறாத சதையாக வளரும். உள்ளே அரிசிக் குருணை போல மஞ்சள் மணிகள் தெரியும். மருத்துவர் தரும் ஐவர்மெக்டின் பேஸ்ட்டுக்கு இது அடங்கும். இதைப் புற்று என்று பயந்து குதிரையை விற்றவர்களும் உண்டு.

இனி ஈ. இந்த வெயிலில் முட்டை ஈயாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே லத்தியை அன்றன்றே அள்ளி லாயத்துக்குத் தூரமாகக் கொட்டுங்கள். மூத்திரத்தில் ஊறிய வைக்கோலை அதைவிட முக்கியமாக அப்புறப்படுத்துங்கள். ரத்தம் குடிக்கும் கடி ஈ வளர்வது அதில்தான். ஈக்குக் காற்று ஆகாது. ஒரு ஸ்டாண்ட் ஃபேன் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்த அமிட்ராஸ் மருந்தை மிச்சம் இருக்கிறதே என்று குதிரைக்கு அடிக்காதீர்கள். குடல் ஓட்டம் நின்று, வயிற்று வலியில் குதிரை செத்தே போகலாம். குதிரைக்கு என்று எழுதியிருக்கும் பெர்மெத்ரின் ஸ்பிரே போதும், அதையும் புண்ணின் மேல் படாமல் சுற்றிலும் அடியுங்கள். வீட்டில் பூனை இருந்தால் எட்ட வையுங்கள், அதற்கு அது விஷம்.

கட்டியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்து மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். புதுச்சேரி குரும்பாபேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்கள் மருத்துவரிடமோ போகும்போது அந்தப் படங்கள் பேசும். அவசரமில்லாத கட்டி என்றால், ஈ குறையும் நாளாகப் பார்த்து அறுவைக்குத் தேதி கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.