பின்வளவு டெக்கும் நான்கு கேள்விகளும்

நேயர்களுக்கு வணக்கம். கோடை நெருங்கியதும், பின்கதவுக்கு வெளியே டெக் எனப்படும் திறந்த மேடை ஒன்று போடலாம் என்ற எண்ணம் கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள நம்மவர் வீடுகளிலும் எழுகிறது. நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயரும் டெக்குக்குப் பொதுவாகக் கட்டட அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போதுதான், காணி எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி போதாது என்று மாநகரசபை பலருக்குச் சொல்கிறது. அந்நிலையில் கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்னும் குழுவிடம் சென்று, மைனர் வேரியன்ஸ் எனப்படும் சிறு விலக்கைக் கேட்கலாம்.

அங்கே போகிறவர்களில் பலர் தங்கள் கஷ்டத்தையே முதலில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, கொன்ராக்டருக்கு முற்பணம் கொடுத்தாயிற்று, பக்கத்துத் தெருவில் இதைவிடப் பெரிய டெக் இருக்கிறது என்பவை அவர்களுடைய வாதங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் காணியின் அமைப்பால் வரும் இடர்ப்பாட்டை நிரூபிக்க வேண்டும் என்பதால், அங்குள்ள உறவினரின் ஆலோசனையும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒன்ராறியோவின் திட்டமிடல் சட்டம், 45ஆம் பிரிவில், வேறு நான்கு கேள்விகளைக் கேட்கிறது: நகரின் வளர்ச்சிக்கு வழிகாட்டும் உத்தியோகபூர்வத் திட்டத்தின் பொது நோக்கம் காக்கப்படுகிறதா, எங்கே எதை எவ்வளவு இடைவெளி விட்டுக் கட்டலாம் என்று சொல்லும் வலய ஒழுங்குவிதியின் நோக்கம் காக்கப்படுகிறதா, அந்தக் காணியின் தகுந்த பயன்பாட்டுக்கு இது விரும்பத்தக்கதா, கேட்கும் விலக்கு சிறியதா. நான்கிற்கும் ஆம் என்ற விடை வர வேண்டும்.

சிறியது என்பதை அளவுகோலால் மட்டும் தீர்மானிப்பதில்லை. 7.5 மீற்றர் விட வேண்டிய பின்புறத்தில் 6.5 மீற்றரே விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். டெக் தரையோடு ஒட்டியிருந்தால் அந்த ஒரு மீற்றரை அயலவர் கவனிக்கவே மாட்டார். அதுவே சமையலறைக் கதவின் மட்டத்தில், இரண்டு மீற்றர் உயரத்தில் நின்றால், அவர் பின்வளவில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதை நீங்கள் மேலிருந்து பார்ப்பீர்கள். எல்லை இடைவெளி எதற்காக விதிக்கப்பட்டதோ அந்தக் காரணமே அங்கே அடிபட்டுப் போகிறது. ஆகவே மேல்தளத்தைச் சுருக்கிப் படிகளுடன் தாழ்த்துவது, அயல்வீட்டுப் பக்கம் மறைப்புத் தட்டி வைப்பது போன்ற மாற்றங்களை விண்ணப்பத்துக்கு முன்பே வரைபடத்தில் காட்டுவது, குழுவின் முன் நீண்ட நேரம் பேசுவதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

தூரத்தை வேலியிலிருந்து அளக்காதீர்கள். வேலிக் கதியால் வருஷந்தோறும் நகரும் ஊரிலிருந்து வந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நில அளவையாளரின் வரைபடமே எல்லையைக் காட்டும். ரொறன்ரோவில் 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதற்கு மேலோ உள்ள மரம் அருகில் இருந்தால், தூணுக்குக் குழி தோண்டுவது வேரைப் பாதிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பு, 60 மீற்றர் தூரத்துக்குள் உள்ள காணி உரிமையாளர்களுக்கு அறிவித்தல் கொடுக்கப்படும். அது கைக்குக் கிடைப்பதற்குள் நீங்களே வரைபடத்துடன் அயலவரிடம் போய்விடுங்கள். ஆதரவுக் கடிதம் உதவும். ஆனால் இது வாக்கெடுப்பு அல்ல, பத்துக் கையெழுத்து இருந்தாலும் அந்த நான்கு கேள்விகள் அப்படியே நிற்கும். அனுமதி கிடைக்கும்போது, வரைபடத்தின்படியே கட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் சேர்க்கப்படலாம்.

மறுக்கப்பட்டால், தீர்ப்பு வழங்கிய நாளிலிருந்து 20 நாட்களுக்குள் விண்ணப்பதாரர் மேன்முறையீடு செய்யலாம். 2022 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், சாதாரண அயலவருக்கு அந்த உரிமை இல்லை. அதனால் எதிர்ப்புள்ள அயலவர் தம் மனதில் உள்ளதையெல்லாம் அந்த ஒரே விசாரணையில் சொல்லத்தான் பார்ப்பார். அதற்கு ஆயத்தமாகவே செல்லுங்கள்.