ஒரு டிவி, நாலு கேம்பாய்: ஃபோர் ஸ்வோர்ட்ஸ் அட்வெஞ்சர்ஸை ஓட வைக்கிறது எப்படி?

[திரையில்: டிவியில் நாலு நிற லிங்க். சிவப்பு லிங்க் குகைக்குள் நுழைகிறான்]

பச்சை, சிவப்பு, நீலம், ஊதா. கேமோட ஹீரோ லிங்க்தான் இப்படி நாலு நிறத்துல, நாலு பேரும் டிவில ஒண்ணா ஓடிட்டு இருக்காங்க. சிவப்பு மட்டும் ஒரு குகைக்குள்ள போறான், டிவில ஆளைக் காணோம். இப்ப அவனை ஆட்டுறவரோட கையைப் பாருங்க. குகை அவர் கையில இருக்கிற குட்டி கேம் மெஷின், அதாவது கேம்பாயோட திரையில இருக்கு. உள்ள எத்தனை ஃபோர்ஸ் ஜெம், அதான் பொறுக்குற கல், கிடைச்சுதுன்னு அவர் வாயைத் திறந்தாத்தான் மத்தவங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் திறக்க மாட்டார்.

2004-ல நிண்டெண்டோவோட டிவி கேம் பெட்டியான கேம்கியூபுக்கு வந்த இந்த செல்டா கேமுக்கு கேம்பாய் அட்வான்ஸ்தான் ஜாய்ஸ்டிக். தனியா ஆடினா சாதாரண ஜாய்ஸ்டிக் போதும். ரெண்டு பேர் ஆயிட்டாலே ஆளுக்கொரு கேம்பாய், ஆளுக்கொரு கேபிள் வேணும். கேம்பாய் அட்வான்ஸ்லயே எஸ்பி மாடலும் ஓடும். மைக்ரோ மாடல் ஆகாது, அதோட துளையே வேற. அடுத்து வந்த நிண்டெண்டோ டிஎஸ்ல கேம்பாய் கேசட் போகும், ஆனா கேபிள் சொருகுற துளை கிடையாது.

[திரையில்: ரெண்டு கேபிள், பக்கத்துல பக்கத்துல]

கேபிள்லதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ரெண்டு முனையும் சின்னதா, நடுவுல ஒரு குட்டி டப்பா இருந்தா அது கேம்பாயை கேம்பாயோட இணைக்கிறது. அது இங்க பிரயோஜனமில்லை. ஒரு முனை கேம்கியூப் ஜாய்ஸ்டிக் மாதிரி பெருசா இருக்கணும். நிண்டெண்டோவே போட்டதுன்னா டிஓஎல்-011னு நம்பர் இருக்கும்.

கேம்பாய்ல இருக்கிற கேசட்டை எடுத்துட்டு கேபிளைச் சொருகுங்க. கேமை ஓட்டி, எத்தனை பேர்னு கேக்கிற இடத்துக்கு வந்தப்புறம் கேம்பாயை ஆன் பண்ணுங்க. கேசட்டை எடுக்கலைன்னா அதுல இருக்கிற கேம்தான் ஓடும். எடுக்க மனசில்லையா, ஸ்டார்ட், செலக்ட் ரெண்டையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஆன் பண்ணுங்க. டிஸ்க்ல இருந்து ஒரு சின்ன புரோகிராம் கேபிள் வழியா கேம்பாயோட 256 கேபி மெமரில போய் உக்காரும். கேம்பாய் அணைஞ்சா அதுவும் போச்சு, மறுபடி ஏத்தணும். தளர்ந்த கேபிள்ல தொடர்பு அறுந்துடும், அதைத் தூக்கிப் போட்டுடுங்க.

கேம்கியூப்ல இருந்து கேம்பாய்க்கு கரண்ட் வராது. பழைய மாடலுக்கு ரெண்டு டபுள் ஏ செல், சுமார் 15 மணி நேரம் தாங்கும். அதுல திரைக்கு விளக்கு இல்லை, டியூப்லைட்டுக்கு அடியில உக்காருங்க.

[திரையில்: அடாப்டரின் அடிப்பக்க லேபிள்]

பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கல்ஃப்ல இருந்தோ அமெரிக்காவுல இருந்தோ சொந்தக்காரங்க கொண்டுவந்த கேம்கியூப் பெட்டி பரண்ல கிடந்தா, எடுத்ததும் பிளக்கைச் சொருகாதீங்க. அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட், ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட். நம்ம 230-ல போட்டா புகைதான். வெளிய வர்றது 12 வோல்ட், 3.25 ஆம்பியர், அதாவது 39 வாட். வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 100 வாட்ல இருந்தா தாராளம். ஐரோப்பிய அடாப்டர் கிடைச்சா அதுவும் தேவையில்லை. டிஸ்க்கும் பெட்டியும் ஒரே ரீஜனா, அதாவது ஒரே நாட்டுப் பகுதிக்குன்னு விக்கப்பட்டதா இருக்கணும். கேம்பாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. சேவ் பண்ண மெமரி கார்டை மறந்துடாதீங்க.

கேம்கியூப் இல்லைன்னா நிண்டெண்டோவோட அடுத்த பெட்டியான வீ (Wii), அதுல முதல்ல வந்த மாடல் போதும். மேல மூடியைத் திறந்தா நாலு ஜாய்ஸ்டிக் துளை இருக்கும். துளை இல்லாத பின்னாடி மாடலை மலிவா கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க.

[திரையில்: பாறையைத் தள்ளும் நாலு லிங்க்]

ஆட்டத்துக்கு வருவோம். கட்டம் முடியற இடத்துல இருக்கிற தடுப்பை உடைக்க வாளுக்கு சக்தி முழுசா ஏறணும், அதுக்கு 2,000 ஜெம் சேரணும். குறைஞ்சா திரும்பிப் போய்ப் பொறுக்க வேண்டியதுதான். பெரிய பாறைக்கு நாலு பேரும் சேர்ந்து தோள் கொடுக்கணும். ஒருத்தர் கையில ஒரு பொருள்தான் நிக்கும், வில்லை எடுத்தா குண்டு போயிடும். யார் எதை வச்சிருக்கீங்கன்னு கத்திச் சொல்லிக்கிட்டே ஆடுங்க.

கம்ப்யூட்டர்ல கேம்கியூப் கேமை ஓட்டுற டால்பின் எமுலேட்டர் 2021-ல இருந்து கேம்பாயையும் தனக்குள்ளயே ஓட்டுது. கேபிள் செலவு மிச்சம். ஆனா நாலு கேம்பாய் திரையும் ஒரே மானிட்டர்ல வரிசையா நிக்கும். குகைக்குள்ள போன சிவப்பு என்ன எடுத்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.