"என்ன வேலை?" என்று கேட்டார் என் பீட்டா வாசகர்

வணக்கம். குக்கர் அடுப்பில் இருக்கிறது, நடுவே விசில் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் ஃபிக்‌ஷன் (பிறர் கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுதுகிற தோழிகள் கேட்பது ஒன்றுதான்: "நானே நான்கு முறை படித்துவிட்டேன், பீட்டா வாசகர் எதற்கு?" நானும் அப்படி நினைத்திருந்தவள்தான். பீட்டா வாசகர் என்றால், கதையை வெளியிடும் முன்பே படித்துக் குறை நிறை சொல்கிறவர்.

'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறந்துபோகிறான். கொன்றது யார் என்ற முடிச்சைக் கல்கி அவிழ்க்காமலே 1954இல் தொடரை முடித்துவிட்டார். எங்களைப் போன்றவர்களுக்கு அது திறந்து கிடக்கும் வாசல். அன்றிரவு மாளிகையில் காவல் நின்ற ஒரு சாதாரண வீரனை வைத்து நான் எழுத ஆரம்பித்தேன்.

முதல் மூன்று அத்தியாயங்களை, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவருக்கு அனுப்பினேன். ஒரு காசு வாங்காமல், பேரன் தூங்கிய பிறகு உட்கார்ந்து படிக்கிறவர். "தளபதி அவனிடம் வேலை கொடுத்தான்" என்று எழுதியிருந்தேன். பக்கத்திலேயே சிவப்பில் ஒரு குறிப்பு: "என்ன வேலை?"

நான் சொல்ல வந்தது கையில் பிடிக்கிற வேல்! "வேலைக் கொடுத்தான்" என்றால் ஆயுதம். அந்த 'க்' விழுந்துவிட்டால் உத்தியோகம். நான்கு முறை படித்தும் என் கண்ணில் படவில்லை. படாது, என் மனதில்தான் வேல் ஏற்கெனவே இருக்கிறதே.

இதோ, முதல் விசில்.

அடுத்தது இன்னும் மோசம். வீரன் தஞ்சைக்குள் நுழைகிறான், பெரிய கோயில் விமானத்தைப் பார்த்து மெய்சிலிர்க்கிறான். டீச்சர் எழுதினார்: "அந்தக் கோயில் முடிந்தது 1010இல். உங்கள் கதையில் ராஜராஜன் இன்னும் இளவரசர் அருள்மொழி." அதோடு விட்டாரா? எதிரிக்குப் பயந்து அவன் கொய்யா மரத்தில் ஏறி ஒளிகிறான். கொய்யா அமெரிக்கக் கண்டத்துப் பழம், சோழர் காலத்தில் இங்கே ஏது? வீரனை இறக்கி வேப்பமரத்தில் ஏற்றினேன்.

ரவிதாசனில்தான் சண்டை வந்தது. நாவலில் அவன் மந்திரவாதி. சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டிலோ, கரிகாலனைக் கொன்ற துரோகிகளில் ஒருவனாக, பிரமாதிராஜன் என்ற பட்டம் பெற்ற அதிகாரியாக வருகிறான். நான் பாதி நாவல், பாதி கல்வெட்டு என்று குழப்பியிருந்தேன். "ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் எழுதியது ஒரு வரி, நான் பதில் எழுதியது இரண்டு பக்கம். அவன் ஏன் அப்படி, பட்டத்தை எப்படி மறைத்தான், எல்லாம். மறுநாள் பதில் வந்தது: "இதையெல்லாம் எனக்கு எதற்கம்மா எழுதுகிறீர்கள்? கதையில் அல்லவா இருக்க வேண்டும்."

உண்மையில் அந்த இரண்டு பக்கம்தான் இப்போது ஐந்தாம் அத்தியாயம். ஆனால் நன்றி சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. வருமா? சம்பளமா கொடுக்கிறேன்?

ஒன்று சொல்கிறேன், டீச்சர் கைகாட்டுகிற இடத்தில் கோளாறு இருப்பது நிச்சயம். அதற்கு அவர் சொல்கிற மருந்து சில சமயம் எனக்கு ஒத்துவருவதில்லை, அப்போது நான் வேறு மருந்து தேடுகிறேன். அதில் அவருக்கு வருத்தம் இல்லை.

இப்போதெல்லாம் "எப்படி இருக்கிறது?" என்று நான் கேட்பதே இல்லை. கேட்டால் பாவம், "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். "எந்த வரியில் போனைக் கீழே வைத்தீர்கள்?" என்று கேட்கிறேன். டீச்சர் யோசிக்கவே இல்லை. "குதிரையை வர்ணித்தீர்களே, அங்கே தூங்கிவிட்டேன்."

மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய குதிரை அது. பிடரி, குளம்பு, நுரை, ஒன்றரைப் பக்கம். இப்போது இரண்டு வரியில் கனைத்துவிட்டுப் போய்விடுகிறது.

மூன்றாவது விசில். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்.