சைபரில் தொடங்கும் ஊர்

(மதுரைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில், கணினித் துறை மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம். நான் மேடையேறும் முன் ஒரு தம்பி மைக்கைத் தட்டி, "டெஸ்டிங், டெஸ்டிங்" என்றார். 19 வருடமாக நான் செய்வதும் அதேதான். சம்பளம் மட்டும் கொஞ்சம் கூட.

மதுரையில் குற்றம் கண்டுபிடிப்பதைப் பற்றிப் பேச வந்துவிட்டு நக்கீரரை விட்டுவிட முடியாது என்று நினைத்திருப்பீர்கள். நெற்றிக்கண் கதை உங்களுக்கே தெரியும். எனக்கு அதில் வேண்டியது ஒன்றுதான்: பாட்டு எழுதியவர் ஒருவர், குற்றம் கண்டவர் இன்னொருவர். எழுதியவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. அதனால்தான் நிரல் எழுத டெவலப்பர், அதில் பிழை தேட டெஸ்டர் என்று இரண்டு நாற்காலி போட்டார்கள். அப்புறம் டெஸ்டர் நாற்காலியைத் தூக்கிக் கடலுக்கு இந்தப் பக்கம், நம் நாட்டில் போட்டார்கள்.

ஏன் போட்டார்கள்? இங்கே சம்பளம் குறைவு என்பீர்கள். உண்மைதான், ஆனால் பாதிதான். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பெங்களூரு வந்தது, 1991-இல் அரசு மென்பொருள் பூங்காத் திட்டத்தைத் தொடங்கியது, 1994-இல் காக்னிசன்ட் சென்னையில் முளைத்தது. இதற்கெல்லாம் மேல் தூக்கிவிட்டது ஒய்டூகே, அதாவது 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளுக்கு வரவிருந்த சிக்கல். பழைய கோபால் நிரல்களில் ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். (கோபால் ஆள் பெயர் இல்லை, கணினி மொழி. என் அம்மா ரொம்ப நாள் அவரை என் மேனேஜர் என்றே நினைத்திருந்தார்.) 99-க்குப் பிறகு 00 வந்தால், 1965-இல் பிறந்தவருக்கு வயது மைனஸ் 65 ஆகிவிடும். திருத்துவது ஒரு வரி வேலை. திருத்தியதால் வேறு எங்கும் எதுவும் உடையவில்லை என்று ஓட்டிப் பார்ப்பதுதான் மலை போன்ற வேலை. அதற்கு ஆள் வேண்டும், நிறைய வேண்டும். நம்மிடம் இருந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. டெஸ்டிங்கை எழுதி அனுப்ப முடியும். இதை அழுத்து, இதை நிரப்பு, இது வர வேண்டும், வந்தால் பாஸ், வராவிட்டால் ஃபெயில். அமெரிக்காவில் இருப்பவர்கள் பகலில் நிரல் எழுதிவிட்டுத் தூங்கப் போவார்கள், எழுந்து வரும்போது நம் முடிவு மெயிலில் கிடக்கும். எழுதி அனுப்ப முடிகிற வேலை எந்த ஊருக்கும் போகும். சென்னைக்குப் போனது, இப்போது நம் மதுரைப் பக்கத்து இளந்தைக்குளத்துக்கும் வடபழஞ்சிக்கும் வருகிறது.

எழுத முடியாத பாகம் ஒன்று இருக்கிறது. அதில்தான் நான் அடி வாங்கினேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஓர் அமெரிக்கக் கடைக்கு, பொருள் அனுப்ப வேண்டிய முகவரியை நிரப்பும் பக்கம். 'இதைப் போடு, இது வர வேண்டும்' என்று எழுதிக் கொடுத்த டெஸ்ட் கேஸ் அத்தனையும் பாஸ். அஞ்சல் எண்ணுக்கு சிகாகோவின் 60601 போட்டேன், டல்லாஸின் 75201 போட்டேன், எழுத்துகளைப் போட்டேன், காலியாக விட்டேன். ரிலீஸ் ஆனது. ஒரே வாரத்தில் போன் வந்தது: பாஸ்டன்காரர்கள் யாராலும் பொருள் வாங்க முடியவில்லை. பாஸ்டனின் அஞ்சல் எண் 02108 என்பது போல சைபரில் தொடங்கும். நிரல் அதை வெறும் எண்ணாக நினைத்து, முன்னால் இருந்த சைபரை உதிர்த்து 2108 ஆக்கிவிட்டு, 'நாலு இலக்கம்தான் இருக்கிறது, தவறு' என்று திருப்பி அனுப்பியிருக்கிறது.

எனக்கு ஏன் தோன்றவில்லை? மதுரையின் 625001 என்று எழுதி வளர்ந்தவன் நான். நம் நாட்டில் எந்த ஊர் பின்கோடும் சைபரில் தொடங்காது. பாஸ்டனில் பிறந்த பிள்ளை தன் வீட்டு முகவரியைப் போட்டிருந்தாலே முதல் நிமிடத்தில் மாட்டியிருக்கும். சோதனை பிழை இருப்பதைக் காட்டுமே தவிர இல்லாததைக் காட்டாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1969-லேயே சொல்லிவிட்டார். எனக்குப் புரிய ஒரு பாஸ்டன் தேவைப்பட்டது.

அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து, ஒரே ஓர் இனிஷியல். அதைப் பிழை என்று நான் எழுதி அனுப்பினால், 'இது பிழை அல்ல, அப்படித்தான் வடிவமைத்தோம்' என்று மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினார்கள். மூன்றாம் முறை, அவர்கள் ஊரிலேயே வேலை பார்க்கும் நம் ஆட்கள் எத்தனை பேர் இந்தக் கடையில் வாங்க முடியாமல் திரும்புவார்கள் என்று கேட்டேன். மாற்றினார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, பாஸ்டன் விஷயத்தில் எனக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருந்தது போல. ஒப்பந்தத் தாளில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

கடிகாரமும் அப்படித்தான். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நம் வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறும். மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் ஞாயிறு அதிகாலை 2.30 என்ற நேரமே அங்கே கிடையாது. நவம்பரில் பின்னே இழுக்கும் ஞாயிறு அதிகாலை 1.30 இரண்டு முறை வரும். நேரம் கேட்கும் எந்த நிரல் கையில் கிடைத்தாலும் முதலில் இந்த இரண்டையும் போட்டுப் பாருங்கள். பத்துக்கு நாலு முறை ஏதாவது கிடைக்கும். இது என் அனுபவக் கணக்கு, ஆராய்ச்சி இல்லை.

ஆட்டோமேஷன் வந்துவிட்டது, ஏஐ டெஸ்ட் கேஸ் எழுதுகிறது, எங்களுக்கு வேலை இருக்குமா என்று வாசலிலேயே ஒரு தங்கை கேட்டார். எழுதிக் கொடுத்ததை அப்படியே ஓட்டும் வேலை போகும், போய்க்கொண்டே இருக்கிறது. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. 02108-ஐ யார் போடுவது என்பதுதான் மிச்சம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கூட்டத்துக்குப் பதிவு செய்ய ஒரு படிவம் அனுப்பினீர்கள். கைப்பேசி எண் கட்டத்தில் ஒன்பது இலக்கம் போட்டேன், வாங்கிக்கொண்டது. பெயர் கட்டத்தில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்தேன், 'நன்றி, வருக' என்றது. துறைத் தலைவர் மன்னிக்க வேண்டும். செய்தது யார் என்று நான் கேட்கவில்லை, ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு தம்பி இப்போதே போனை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டார். தம்பி, திருத்தியதை நீங்களே சோதிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.