சிவப்பு நூல் கட்டிய பென் டிரைவ்

நேயர்களுக்கு வணக்கம். பல் டாக்டரிடம் போனால், நாம் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிடுகிறார். போன வருஷம் எந்தப் பல்லில் ரூட் கேனால், யாருக்குப் பெனிசிலின் ஒத்துக்காது, எல்லாம் அதில்தான். அது ஒருநாள் காலையில் கிளம்பவில்லை என்றால்?

கிளினிக்குகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுப்பது என் தொழில். ஓரிடத்தில் வரவேற்பில் ஓர் அம்மா. தினமும் பூட்டுவதற்கு முன் பேக்கப் எடுப்பார், அதாவது பதிவுகளுக்கு இன்னொரு பிரதி. சிவப்பு நூல் கட்டிய பென் டிரைவ், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். இரண்டு வருஷம், ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஹார்ட் டிஸ்க் போனது. டாக்டர் பதறவேயில்லை. "அதான் பென் டிரைவ் இருக்கே சார்!" செருகிப் பார்த்தேன். 2 கேபி. இரண்டு வருஷத்து நோயாளிகளும் 2 கேபியில்! திரையில் இருந்த ஷார்ட்கட்டைத்தான் அந்த அம்மா தினமும் காப்பி செய்திருக்கிறார். வீட்டுப் பத்திரம் என்று நினைத்து, விலாசம் எழுதின சீட்டைப் பீரோவில் பூட்டிய கதை. அவரைச் சொல்லி என்ன? யாராவது ஒருநாள் திறந்து பார்த்திருக்க வேண்டும். நான் உட்பட.

திறந்து பாருங்கள். மாதம் ஒருமுறை, வேறொரு கம்ப்யூட்டரில் பேக்கப்பை ஏற்றி, நேற்று வந்தவர் பெயரைத் தேடுங்கள். அவருடைய எக்ஸ்-ரேயும் வருகிறதா? பல மென்பொருள்களில் படங்கள் தனி ஃபோல்டரில் கிடக்கும். டேட்டாபேஸில், அதாவது நோயாளி விவரங்கள் சேரும் ஃபைலில், அவை இருக்கும் இடம் மட்டுமே பதிவாகியிருக்கும்.

இன்னொன்று. மென்பொருள் ஓடும்போது டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே இழுத்துப் போடாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கிற நோட்டை ஜெராக்ஸ் எடுத்தால் பாதி வரிதானே விழும்? பெரும்பாலும் மென்பொருளிலேயே பேக்கப் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

எங்கள் தொழிலில் 3-2-1 என்போம். மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு அந்த ஒன்று எதற்கென்று விளக்க வேண்டாம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றை முடக்கியது. அந்த மாதிரி வைரஸ், செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். கிளவுட் பற்றிச் சொல்ல நேரமில்லை. பிரதி எங்கே இருந்தாலும் என்கிரிப்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டி வையுங்கள். பஸ்ஸில் தொலைந்தாலும் யாரும் படிக்க முடியாது. அந்தப் பாஸ்வேர்டை மட்டும் அதே கம்ப்யூட்டரில் ஒட்டி வைக்காதீர்கள். வணக்கம்.