பதினான்கு நாள் பிரிவு

நேயர்களுக்கு வணக்கம்.

வைகாசி பிறந்தால் காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், மகிழூர் என்று கிழக்கிலங்கையில் நம் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறக்கும். சடங்கு என்றதும் நமக்கு மழையும் நோயும்தான் நினைவுக்கு வரும். அம்மனைக் குளிரப்பண்ணினால் அம்மை இறங்கும், வானம் இரங்கும். அது சரிதான். ஆனால் குளிர்த்தி என்கிற அந்தக் குளிரப்பண்ணும் சடங்குக்குள்ளே ஒரு காதலும் இருக்கிறது. இறந்துபோன கணவனோடு ஒருத்தி எப்படித் திரும்பச் சேர்ந்தாள் என்ற கதை அது.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்து ஊர்சூழ்வரியை எடுங்கள். வெட்டுண்டு கிடக்கும் கோவலனைக் கண்ணகி தழுவிக்கொள்கிறாள். அவன் எழுந்து நிற்கிறான். உன் முகம் வாடிவிட்டதே என்கிறான். கையால் அவள் கண்ணீரைத் துடைக்கிறான். அவள் விழுந்து, வளையணிந்த இரு கையாலும் அவன் காலைப் பிடிக்கிறாள். நீ இங்கே இரு என்று சொல்லிவிட்டு, உடம்பை விட்டுத் தேவர்களோடு போய்விடுகிறான். அவ்வளவுதான். யார் கொன்றது, எதற்குக் கொன்றது, ஒரு சொல் கிடையாது.

கோவலன் கதையை மேடையேற்றுகிறவர்கள் பிழைவிடுவதும் இங்கேதான். எழுந்தவனுக்கு நீண்ட வசனம் கொடுத்து, பொற்கொல்லன் செய்த சதியை அவன் வாயாலேயே சொல்லவைத்தால், பிறகு அரசவையில் சிலம்பை உடைப்பானேன்? பாண்டிமாதேவி சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் தெறிக்கிற அந்த மாணிக்கப் பரல்தான் சாட்சி. இறந்தவன் வந்து சாட்சி சொல்லிவிட்டால் வழக்கு வெறும் சடங்காகிவிடும். ஆகவே இந்தக் காட்சி எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு நல்லது.

அவன் போனபின் இது மாயமோ, ஏதும் தெய்வம் மருட்டியதோ என்று அவள் திகைக்கிறாள். பிறகு தனக்குத்தானே ஒரு நிபந்தனை போடுகிறாள்: என் சினம் தணியாமல் கணவனோடு கூடமாட்டேன். நம் கோயில்களில் நடப்பதற்கெல்லாம் இதுதான் திறப்பு என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வழக்கு, அதற்குப் பிறகு தீ.

மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் வந்து கணக்குச் சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரில் பிறந்தவன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அலைந்து, மலையேறிக் குதித்து, சாபமிட்டு இறந்தாள். அதே 14 நாள்தான் கண்ணகிக்கும் விதிக்கப்படுகிறது. கீழை வாயிலால் கணவனோடு நுழைந்தவள் மேலை வாயிலால் தனியே வெளியேறுகிறாள். இரவு பகல் பாராமல் வைகைக் கரையோடு நடந்து, மலையேறி, வேங்கை மரத்தின் கீழ் நிற்கிறாள். பதினான்காம் நாள் பொழுது சாயும்போது கோவலன் வந்து அழைத்துப்போகிறான். அதைக் கண்ணால் கண்டவர்கள் மலைக்குறவர்கள். அற்புதத்துக்கும் கணக்கு வைத்திருக்கிற காப்பியம் இது.

நம் ஊர்களுக்கு வருவோம். பண்டிதர் வி.சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்த, நம் கோயில்களில் படிக்கப்படும் ஏடான கண்ணகி வழக்குரையில் கொலைக்களக் காதைக்கும் வழக்குரைத்த காதைக்கும் நடுவே உயிர்மீட்புக் காதை என்று தனியாகவே ஒன்று உண்டு. இளங்கோ சில அடியில் முடித்ததை நம்மவர்கள் ஒரு காதையாக வளர்த்தெடுத்திருக்கிறார்கள். ஏடு முடிவது குளிர்ச்சிக் காதையில். சினம் தணிந்தால்தான் சேருவேன் என்றாளே, அந்தச் சினத்தை ஊரே கூடித் தணிக்கிறது. வேப்பிலையும் தண்ணீரும் உடுக்குமாக. கல்யாணக்கால் நாட்டிச் சேலை உடுத்துவதும் இந்தச் சடங்கில்தான். கணவனை இழந்தவளுக்கு ஏன் கல்யாணக்கால் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மண் அவளைக் கைம்பெண்ணாக வைத்துப் பார்ப்பதே இல்லை.

பிரிவுக்கு முந்திய காலத்தைக் காட்டுவது கொம்பு விளையாட்டு. இருவரும் சண்பகப்பூப் பறிக்கப்போனபோது துறட்டிகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டன, இழுத்ததில் கோவலன் துறட்டி முறிந்தது என்பது கதை. அதனால் ஊர் இரண்டு வாரமாக, அதாவது இரண்டு கட்சியாகப் பிரியும்: வடசேரி கோவலனுக்கு, தென்சேரி கண்ணகிக்கு. புருஷன் ஒரு வாரம், பெண்சாதி மறு வாரமாக இருக்கிற வீடுகளும் உண்டு, அன்றைக்கு அடுப்படியில் என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை! இரண்டு கொம்பையும் கொளுவி, வடம் கட்டி இழுத்து, எது முறிகிறதோ அந்த வாரம் தோற்றது. கொம்புக்கு வைரம் பாய்ந்த மரத்தில் இயல்பாகவே வளைந்த கவர் வேண்டும். நேர் மரத்தை வளைவாகச் செதுக்கினால் நார் குறுக்கே அறுபட்டு, பலமாக இழுக்குமுன்பே அந்த இடத்தில் வெடித்துவிடும். கட்டுத் தளர்ந்திருந்தாலும் கொம்பு முறியாது, திரும்பிக் கழன்றுவிடும். சிங்கள மக்களின் அங்கெளியவும் இதே விளையாட்டுத்தான்; அங்கே மேல் அணி பாலங்கவுக்கு, கீழ் அணி பத்தினிக்கு. பாலங்க என்பது நம் கோவலன்தான், பத்தினி என்பது நம் கண்ணகிதான்.

வரும் வைகாசியில் வழக்குரை கேட்கப்போகிறவர்கள் உயிர்மீட்புக் காதை எந்த இரவு படிக்கப்படுகிறது என்று கோயிலில் பூசை செய்யும் கப்புகனாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்குக் கோயில் நாள் மாறும். குளிர்த்திக்கு மட்டும் போய் நின்றால் கூட்டம்தான் தெரியும். இந்த இரவையும் கேட்டுவிட்டுப் போனால், குளிர்த்தி யாருக்காக, எதற்காக என்று கேட்கவேண்டியிருக்காது.

வணக்கம்.